பழைய கீபோர்டெல்லாம் அனலாக் ஆகாது: சிந்தசைசர் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இணையச் சந்தைகளுக்கு வரும் பழைய கீபோர்டு, சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவி) விளம்பரங்களில் 'அனலாக்' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. திருமண மேடைகளிலும் கோயில் திருவிழாக்களிலும் உழைத்துக் களைத்து, வாசித்தவர் வீட்டு அலமாரிக்கு மேல் தூசி படிந்து கிடந்த கருவிகளை இப்போது விலை பேச ஆள் வருகிறது. இன்னொரு பக்கம், கைப்பைக்குள் அடங்கும் புத்தம் புதிய கருவிகளும் அதே பெயரில் கடைகளில் விற்கின்றன. ஒன்றின் விலை சில ஆயிரம் ரிங்கிட், மற்றொன்றின் விலை சில நூறு ரிங்கிட். எது உண்மையான அனலாக்? விலையில் ஏன் இவ்வளவு வேறுபாடு? நம் ஊர் வெயிலையும் ஈரத்தையும் அந்தப் பழைய பெட்டி தாங்குமா? நம் இசைக்கு அது தேவையா? அடிப்படையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அனலாக் என்பது வயதைக் குறிக்கும் சொல் அல்ல

மின்சுற்றில் ஏறி இறங்கும் மின்னழுத்தமே ஒலியின் வடிவமாக இருந்து, அது எந்த இடத்திலும் எண்களாக மாறாமல் ஒலிபெருக்கி வரை சென்றால் அது அனலாக். ஒலியை எண்களாகக் கணக்கிட்டு, கடைசியில் மட்டும் மின்னழுத்தமாக மாற்றினால் அது டிஜிட்டல். கருவி எந்த ஆண்டில் பிறந்தது, அதன் ஓரத்தில் மரப்பலகை இருக்கிறதா என்பவற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

யமஹா டிஎக்ஸ்7 கருவி 1983-இல் வெளிவந்தது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, ஆனாலும் அது முழுக்க முழுக்க டிஜிட்டல். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967-இல் கண்டறிந்த அதிர்வெண் பண்பேற்ற முறையில் (ஓர் அலையால் இன்னோர் அலையின் அதிர்வெண்ணை அசைக்கும் முறை), எண்களைக் கொண்டே அது ஒலியை உண்டாக்குகிறது. 1987-இன் ரோலண்ட் டி-50, 1988-இன் கோர்க் எம்1 ஆகியவையும் டிஜிட்டல்தான். மெல்லிசைக் குழுக்களிடமிருந்து 'பழைய கீபோர்டு' என்று விற்பனைக்கு வருவது பெரும்பாலும் இந்தத் தலைமுறையைச் சேர்ந்தது. அவை நல்ல கருவிகள். அவற்றை அனலாக் என்று சொல்லி விற்பது மட்டும் தவறு.

மறுபுறம், 2016-இல் வந்த கோர்க் மினிலாக் வயதில் சின்னது, ஆனால் உண்மையான அனலாக். இரண்டுக்கும் நடுவில் நிற்பது 1984-இன் ரோலண்ட் ஜூனோ-106. அதில் சுருதி பிசகாமல் காலக்கணக்கைப் பிடித்து வைப்பது டிஜிட்டல் எண்ணி. அலையும் அதைச் செதுக்கும் பகுதியும் அனலாக். அதே ஜூனோவின் முகத்தோடு 2015-இல் வந்த சிறிய ஜேயு-06 கருவிக்குள் நடப்பது முழுக்கக் கணக்கீடு. முகத்தைப் பார்த்து ஏமாறக்கூடிய இடம் இதுதான்.

உள்ளே நடப்பது என்ன?

கருவி எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஒலி பிறக்கும் வழி நான்கு பகுதிகளில் அடங்கிவிடும்.

1. ஆசிலேட்டர். மின்னழுத்தத்தை ஒரே சீராக ஏற்றி இறக்கி மூல ஒலியைத் தருவது. ரம்பப் பல் வடிவ அலை கூர்மையாக ஒலிக்கும். சதுர அலை குழல் போல உள்ளீடற்று ஒலிக்கும்.

2. ஃபில்டர். மூல ஒலியிலிருந்து வேண்டாத அதிர்வெண்களை வடிகட்டுவது. 'ஆ' என்று நீட்டிச் சொல்லிக்கொண்டே உதடுகளை மெல்லக் குவித்து 'ஊ' வரை வந்து பாருங்கள். தொண்டை அதே சுவரத்தில்தான் நிற்கிறது. வாயின் வடிவம் மாற, ஒலியின் வெளிச்சம் குறைகிறது. ஃபில்டர் குமிழைத் திருப்பும்போது நடப்பதும் இதுவே. சிந்தசைசர் முன்னோடி ராபர்ட் மூக் வடிவமைத்து 1969-இல் காப்புரிமை பெற்ற ஏணி ஃபில்டர், குறித்த எல்லைக்கு மேலே ஒவ்வொரு ஸ்தாயிக்கும் (அதிர்வெண் இரட்டிக்கும் இடைவெளி) 24 டெசிபெல் வீதம் ஒலியை வெட்டும். மூக் கருவிகளின் அடர்த்தியான ஒலிக்கு முக்கியக் காரணம் அந்த ஏணி.

3. ஆம்ப்ளிஃபயர். ஒலியின் அளவைக் கூட்டிக் குறைப்பது.

4. என்வலப். ஒலி எப்படித் தொடங்கி, எப்படி நின்று, எப்படி அடங்க வேண்டும் என்று மற்ற பகுதிகளுக்கு ஆணையிடுவது. வீணைத் தந்தியை மீட்டினால் ஒலி சட்டென்று எழுந்து தானாகத் தேயும். நாதஸ்வரத்தில் மூச்சு இருக்கும் வரை ஒலி நிற்கும். இந்த வேறுபாட்டை நான்கு குமிழ்களில் அமைத்துவிடலாம். என்வலப்பை ஒலி அளவுக்குப் பதிலாகச் சுருதியோடு இணைத்தால் இன்னொன்று பிறக்கும். உருமியின் தோலில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது எழுகிற அந்த முனகல் ஒரே சுருதியில் நிற்காமல் வழுக்கிச் செல்கிறதல்லவா, அதை ஆசிலேட்டரைக் கொண்டு ஏறக்குறைய எட்டிவிடலாம். 1980-இன் ரோலண்ட் டிஆர்-808 தாளக்கருவியின் புகழ்பெற்ற கனத்த அடியிலும் தொடக்கத்தில் சுருதி கொஞ்சம் மேலிருந்து இறங்கித்தான் நிலைகொள்கிறது.

ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட்

அனலாக் கருவியின் அழகும் தொல்லையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

மூக் 1964-இல் முதல் கருவியைக் காட்டிய காலத்திலிருந்து வேரூன்றிய வழக்கம், மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏற வேண்டும் என்பது. ஸ்தாயிக்கு 12 சுவரத்தானங்கள். ஆகவே ஒரு தானத்திலிருந்து அடுத்ததற்குச் செல்ல ஏறக்குறைய 83 மில்லிவோல்ட் போதும். ஆனால் காது வோல்ட் கணக்கில் கேட்பதில்லை. மேல் ஸ்தாயி ஷட்ஜம் ('ச') கீழ் ஷட்ஜத்தின் இரு மடங்கு அதிர்வெண். அதற்கும் மேலே சென்றால் நான்கு மடங்கு, பிறகு எட்டு மடங்கு. சமமாக ஏறும் மின்னழுத்தத்தை இப்படி இரட்டித்துக்கொண்டே போகும் அதிர்வெண்ணாக மாற்றும் வேலையை ஒரு ஜோடி டிரான்சிஸ்டர்கள் செய்கின்றன.

டிரான்சிஸ்டருக்கு அந்தக் குணம் இயல்பாகவே உண்டு. அறை வெப்பத்தில் அதன் அடிவாயில் வெறும் 18 மில்லிவோல்ட் கூடினால் மின்னோட்டம் இரு மடங்காகும். எனவே கீபோர்டிலிருந்து வரும் ஒரு வோல்ட்டை 18 மில்லிவோல்ட்டாகக் குறைத்து அதற்குக் கொடுக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், அந்த 18 என்ற எண் வெப்பத்தோடு மாறும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 0.33 விழுக்காடு.

இதை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். 22 டிகிரி குளிரூட்டப்பட்ட மண்டபத்தில் ஒத்திகை. மாலையில் அதே கருவி 32 டிகிரியில் கோயில் திடலின் திறந்த மேடையில். பத்து டிகிரி வேறுபாட்டுக்கு 3.3 விழுக்காடு பிழை. எந்த ஈடும் செய்யாத சுற்றாக இருந்தால் ஒரு ஸ்தாயிக்குள்ளேயே ஏறக்குறைய 40 சென்ட் (ஒரு சுவரத்தானத்துக்கு 100 சென்ட்), அதாவது கிட்டத்தட்ட அரைச் சுவரத்தானத்தின் அளவுக்குப் பிசகிவிடும். கீழே ஷட்ஜத்தைச் சரிசெய்தால் மேல் ஷட்ஜம் ஒத்துப்போகாது. பாடகர் திரும்பிப் பார்ப்பார்.

இதற்கு மூன்று வகையான தீர்வுகள் வந்தன. வெப்பத்தோடு சேர்ந்து தானும் மாறும் சிறப்பு மின்தடையைப் பொருத்திப் பிழையை ஈடுகட்டுவது முதல் வழி. கருவிக்குள் ஒரு நுண்செயலியை வைத்து ஒவ்வொரு ஆசிலேட்டரையும் அளந்து திருத்தச் செய்வது இரண்டாவது. 1978-இன் புரோஃபெட்-5 கருவி இதைச் செய்தது. மூன்றாவது வழி ஜூனோ போன்றவற்றில் உள்ள டிஜிட்டல் எண்ணி. முதல் வழியை மட்டும் நம்பிய பழைய கருவிகள் மேடையேறுமுன் அரை மணி நேரமாவது சூடேற வேண்டும்.

விலை ஏன் ஏறியது?

1970-இல் மினிமூக், 1978-இல் ஐந்து குரல்களும் (ஒரே நேரத்தில் ஐந்து சுவரங்கள்) அமைத்த ஒலிகளைச் சேமிக்கும் நினைவகமும் கொண்ட புரோஃபெட்-5, 1981-இல் ரோலண்ட் ஜூபிட்டர்-8 என்று அனலாக் வளர்ந்துகொண்டே போனது. 1983-இல் டிஎக்ஸ்7 வந்ததும் நிலைமை தலைகீழானது. சுருதி பிசகாத 16 குரல்கள் அதில் இருந்தன. அனலாக் கருவிகள் அடகுக் கடைகளுக்குப் போயின. அங்கே மலிவாக வாங்கிய அமெரிக்க, ஐரோப்பிய இளைஞர்கள் அவற்றைக் கொண்டு புதிய நடன இசையை உருவாக்கினார்கள். அதன் பிறகு அந்த ஒலியைத் தேடி எல்லோரும் வந்தார்கள். கருவிகளோ ஏற்கெனவே எண்ணிக்கையில் குறைந்துவிட்டன.

இதற்கு முன்பே மும்பையைச் சேர்ந்த சரண்ஜித் சிங் என்ற இசைக்கலைஞர் 1980-களின் தொடக்கத்தில் ரோலண்டின் ஜூபிட்டர்-8, டிபி-303 (தாழ்சுருதிக் கருவி), டிஆர்-808 மூன்றையும் வைத்து ராகங்களை இசைத்தட்டாகப் பதிந்திருந்தார். அன்று அது யார் கவனத்தையும் ஈர்க்கவில்லை. இன்று உலகம் முழுவதும் தேடிக் கேட்கிறார்கள்.

விலைக்கு இன்னொரு காரணம் உதிரிச் சில்லுகள். புரோஃபெட்-5-இன் பிந்தைய வடிவங்களும் அக்காலத்தின் பல கருவிகளும் கர்ட்டிஸ் என்ற சிறிய நிறுவனத்தின் சிஇஎம்3340 ஆசிலேட்டர் சில்லை நம்பியிருந்தன. உற்பத்தி நின்றதும் ஒரு சில்லுக்காக ஒரு கருவியைப் பலிகொடுக்க வேண்டிய நிலை வந்தது. 2016-இல் அதே சில்லு மறுபடியும் உற்பத்திக்கு வந்தது. அதை ஒத்த பிற நிறுவனச் சில்லுகளும் கிடைக்கின்றன. கோர்க் 2013-இல் விலை குறைந்த வோல்கா வரிசையை வெளியிட்டது. 1978-இன் எம்எஸ்-20 கருவியைச் சற்றுச் சுருக்கி அதே ஆண்டில் மீண்டும் கொண்டுவந்தது. மினிமூக்கின் சுற்றைப் பின்பற்றி பெரிங்கர் வெளியிட்ட மாடல் டி, மூக் நிறுவனமே வெளியிட்ட மறுபதிப்பின் விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்கு விற்றது. இன்று அனலாக் ஒலி அரிதான பொருளே அல்ல. அரிதாக இருப்பது பழைய பெட்டி மட்டுமே.

நம் இசைக்கு ஒற்றைக் குரலே போதும்

விலைப்பட்டியல்களின் உச்சியில் நிற்பவை ஒரே நேரத்தில் ஐந்து, ஆறு, எட்டு சுவரங்களை ஒலிக்கும் பழைய கருவிகள். மேலை இசைக்கு அது அவசியம். அங்கே சுவரக் கொத்துகள்தான் அடித்தளம். நம் ராக இசை ஒற்றை வரியில் ஓடுவது. பாட்டுக்கு ஒரு குரல், நாதஸ்வரத்துக்கு ஒரு சீவாளி. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு சுவரத்தை மட்டும் ஒலிக்கும், அனலாக் வகையிலேயே மிக மலிவான ஒற்றைக் குரல் கருவிதான் நம்முடைய ராக வாசிப்புக்கு மிகவும் பொருந்துவது. இதை உறுதியாகவே சொல்கிறேன். காரணங்கள் இவை:

1. ஒட்டி வாசித்தல். மினிமூக் போன்ற ஒற்றைக் குரல் கருவியில் ஒரு கட்டையை விடாமல் அடுத்த கட்டையை அழுத்தினால் என்வலப் மறுபடி தொடங்காது. ஒரே மூச்சில் பல சுவரங்களை ஊதுவதற்கு நிகர் இது. ஒவ்வொரு சுவரமும் புதிதாக 'டக்' என்று தொடங்கும் கீபோர்டில் நம் சங்கதிகள் துண்டு துண்டாகக் கேட்பது ஏன் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

2. வழுக்கல். சுவரத்திலிருந்து சுவரத்துக்குப் படியேறாமல் சறுக்கிச் செல்ல, ஒரு மின்தடையும் மின்னேற்றத்தைச் சேமிக்கும் ஒரு கெப்பாசிட்டரும் போதும். மின்னழுத்தம் அந்தக் கெப்பாசிட்டரை நிரப்ப எடுத்துக்கொள்ளும் நேரமே ஜாரு, அதாவது நம் சறுக்கல். ஆனால் சுவரத்தை அசைத்து அழகூட்டும் கமகம் ஜாருவோடு முடிந்துவிடாது. தோடி ராகத்தின் காந்தார சுவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது தன் இடத்தில் நேராக நிற்பதே இல்லை; சுத்த ரிஷபத்துக்கும் சுத்த மத்திமத்துக்கும் இடையே அசைந்தால்தான் தோடி. காந்தாரக் கட்டையை வலக்கை பிடித்திருக்க, இடக்கை சுருதியை ஏற்றி இறக்கும் சுருதிச் சக்கரத்தை அசைக்க வேண்டும். காந்தாரத்திலிருந்து ரிஷபம் இரண்டு தானம் கீழே, மத்திமம் இரண்டு தானம் மேலே. பெரும்பாலான கருவிகளில் சக்கரத்தின் வீச்சு இரண்டு தானமாகவே அமைந்திருக்கும். தோடிக்கு அளவெடுத்ததுபோல.

3. சுருதி. ஆசிலேட்டரின் சுருதிக் குமிழ் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். பாடுபவருக்கு ஐந்தரைக் கட்டைச் சுருதியிலும் சற்றுக் கீழே இருந்தால் வசதி என்றால் அங்கேயே நிறுத்தலாம். தானங்களின் நுண்ணிய இடைவெளிகளைக்கூட மாற்றிக்கொள்ளும் வசதி 2017-இன் கோர்க் மோனோலாக்கில் உண்டு.

டிஜிட்டல் கருவியில் சுருதிச் சக்கரம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1983-இல் வந்த மிடி என்ற இணைப்பு மொழி சக்கரத்தின் அசைவை 16,384 படிகளாகப் பிரித்து அனுப்புகிறது. காதுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் சாதாரணக் குமிழ்களுக்கு அதே மொழி கொடுப்பது 128 படிகள்தான். ஃபில்டரை மெல்லத் திறக்கும்போது சில கருவிகளில் அந்தப் படிகள் காதில் விழும். அனலாக் குமிழில் படியே இல்லை. பதிவுசெய்த ஒலிகளை இசைக்கும் கீபோர்டுகளில் இன்னொரு குறை உண்டு: சுருதியை வளைக்கும்போது குரலின் நிறமும் சேர்ந்து வளைந்துவிடும்.

நம் ஊர் ஈரமும் நம் ஊர் மின்சாரமும்

இங்கே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 முதல் 90 விழுக்காடு. பழைய கருவிக்கு இதைவிடக் கொடிய பகை இல்லை. நழுவு குமிழ்களில் களிம்பேறி, நகர்த்தும்போது கரகரவென்று சத்தம் வரும். கட்டைகளின் கீழுள்ள தொடர்புப் புள்ளிகள் மங்கிப்போய்ச் சில சுவரங்கள் ஒலிக்காது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் மின்பகுளிக் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது பழுதுபார்ப்பவர்கள் எப்போதும் மனத்தில் வைத்திருக்கும் கணக்கு.

கோர்க் பாலிசிக்ஸ் (1981) கருவியின் மூடியைத் திறந்து பாருங்கள். நினைவகத்தைக் காப்பாற்ற ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரியைச் சுற்றுப்பலகையிலேயே ஒட்டவைத்திருப்பார்கள். நாற்பது ஆண்டில் அது கசிந்திருந்தால், பேட்டரியின் அடியிலிருந்து நீலமும் பச்சையும் கலந்த உப்புப் படலம் பரவியிருக்கும். விரல் நகத்தால் தட்டினால் பொடியாக உதிரும்; அதன் கீழே செப்புத் தடங்கள் கருத்து, சில இடங்களில் தலைமுடி அளவுக்கு மெலிந்து, சில இடங்களில் அறவே இல்லாமல் போயிருக்கும். கசிந்தது காரம் என்பதால் நீர்த்த வினிகரைத் தொட்டு அதை முறிக்கிறார்கள்; பிறகு ஆல்கஹாலால் துடைத்து, அறுந்த தடங்களுக்கு ஒவ்வொன்றாகக் கம்பி இழுத்துப் பற்றவைக்கிறார்கள். இது ஒருநாள் வேலை அல்ல. விற்பவர் 'நினைவகம் மட்டும்தான் வேலை செய்யவில்லை' என்று சொன்னால் அது சின்னக் குறை என்று நினைத்துவிடக் கூடாது.

மின்சாரத்திலும் கவனம் தேவை. பழைய கருவிகள் நிறைய ஜப்பானிலிருந்து நேரடியாக இறக்குமதியாகின்றன. அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம்முடையது 230 முதல் 240. மாற்றுப் பிளக்கை மட்டும் பொருத்திச் சுவரில் செருகினால் மின்மாற்றி கருகிவிடக்கூடும். அழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றிப் பெட்டி தனியாக வேண்டும். அந்தக் கருவிகளில் நில இணைப்பு இல்லாத இரு முள் பிளக் இருப்பதும் வழக்கம். மேடையில் எழும் 'ம்ம்ம்' என்ற இரைச்சலுக்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

சில்லின் முதுகில் 'மலேசியா'

பழுதுபார்க்கும் மேசையில் பழைய சுற்றுப்பலகைகளைப் பார்ப்பவர்களுக்குப் பழகிய காட்சி ஒன்று உண்டு. கருவி அமெரிக்காவில் செய்ததாக இருக்கும். அதன் கறுப்புச் சில்லைக் கழற்றிப் பார்த்தால் அதில் 'மலேசியா' என்று அச்சிட்டிருக்கும். 1972-இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வளாகம் திறக்கப்பட்டபோது இன்டெல், ஏஎம்டி, நேஷனல் செமிகண்டக்டர், ஹியூலெட் பேக்கர்ட், கிளாரியன் உட்பட எட்டு நிறுவனங்கள் முதலில் வந்தன. அங்கே நுண்ணோக்கியின் கீழ் தலைமுடியைவிட மெல்லிய பொற்கம்பிகளைச் சில்லில் பிணைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இளம்பெண்கள். மலாய், சீனப் பெண்களோடு நம் தமிழ்ப் பெண்களும் அந்த வரிசைகளில் அமர்ந்திருந்தார்கள். மின்னணு இசையின் வரலாற்றில் அவர்கள் பெயர் இல்லை; அவர்கள் கைவேலை மட்டும் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தொழில் இங்கே வேரூன்றியதால்தான் சுற்றுப்பலகையைப் படிக்கத் தெரிந்தவர்களும் சில்லு மாற்றத் தெரிந்தவர்களும் பினாங்கில் இன்றும் இருக்கிறார்கள். பழைய கருவி வாங்க விரும்புபவருக்கு இது உண்மையான பலம்.

வாங்கும் முன் சோதிக்க

1. பின்புறத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று படியுங்கள். 100 என்றால் மின்மாற்றிப் பெட்டியின் விலையையும் கணக்கில் சேருங்கள்.

2. பல குரல் கருவியில் ஒரே கட்டையைப் பத்துப் பன்னிரண்டு முறை தட்டுங்கள். பல கருவிகளில் ஒவ்வொரு தட்டலுக்கும் குரல்கள் முறைவைத்து மாறி வரும். ஏதாவது ஒரு முறை மட்டும் ஒலி மங்கினாலோ பொரிந்தாலோ அந்தக் குரலின் சில்லு போயிருக்கலாம். ஜூனோ-106-இல் பிசின் பூசிய குரல் சில்லுகள் இப்படிச் செயலிழப்பது எல்லோரும் அறிந்தது. மாற்றுச் சில்லுகள் கிடைக்கின்றன, ஆனால் ஆறுக்கும் செலவாகும்.

3. எல்லா நழுவு குமிழ்களையும் முழு நீளத்துக்கு நகர்த்திக் கேளுங்கள்.

4. பேட்டரி எப்போது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காமல் வந்துவிடுவது நல்லது.

5. வேறு கருவியோடு கம்பியால் இணைக்கும் எண்ணம் இருந்தால், இரண்டும் ஒரே வழக்கத்தைப் பின்பற்றுகின்றனவா என்று பாருங்கள். எம்எஸ்-20 ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் என்ற முறையில் இயங்குவதில்லை.

6. கடைசிச் சோதனைக்குக் கையோடு ஒரு மின்னணுச் சுருதிப் பெட்டியை எடுத்துச் செல்லுங்கள். கருவியை அரை மணி நேரம் ஓடவிட்டுக் கீழ் ஷட்ஜத்தைச் சுருதியோடு சேருங்கள். பிறகு நடு ஷட்ஜம், பிறகு மேல் ஷட்ஜம். சுருதி ஒன்றினால் இரண்டு ஒலியும் ஒன்றாகி அசையாமல் நிற்கும். பிசகினால் 'வவ்… வவ்… வவ்…' என்று அலையடிக்கும். மேலே போகப்போக அலை வேகமானால் அந்த டிரான்சிஸ்டர் ஜோடியைச் சுற்றியுள்ள அமைப்பைத் திருத்த வேண்டியிருக்கிறது. அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.